புரோகிரசிவ் கண்ணாடி: வாங்கும் முன், பழகும்போது, பழகாவிட்டால்

"பழகிடும் சார், ஒரு வாரம் போட்டுப் பாருங்க." ஒரே லென்ஸில் தூரம், நடுத்தூரம், படிப்பு மூன்றுக்கும் கோடு தெரியாமல் பவர் மாறும் புரோகிரசிவ் கண்ணாடி வாங்கும் எவருக்கும் கடையில் கிடைக்கும் வாக்கியம் இது. பாதி உண்மை. சரியாக அளவெடுத்துச் செய்த கண்ணாடி பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் பழகிவிடும். தப்பாக அளவெடுத்தது பழகாது. நாம்தான் கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டு காலம் தள்ளுவோம், இல்லையென்றால் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் பழைய கண்ணாடிக்குத் திரும்புவோம். டிராயருக்குள் போன பிறகு சில ஆயிரம் ரூபாய்க் கண்ணாடியும் அரை லட்ச ரூபாய்க் கண்ணாடியும் ஒன்றுதான். எந்தச் சிரமம் தானாகப் போகும், எது கடைக்குத் திரும்பப் போனால்தான் தீரும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும், பணமும் கழுத்தும் தப்பிக்கும்.

நாற்பதுக்கு மேல் கண்ணுக்கு என்ன ஆகிறது

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் சிறு வயதில் மென்மையாக இருக்கும். பக்கத்தில் பார்க்கும்போது உப்பும், தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகும். வயது ஏற ஏற அது இறுகிப்போகிறது. 10 வயதில் 12 டயாப்டருக்கு (லென்ஸ் பவரின் அலகு) மேல் வளைந்து கொடுத்த லென்ஸ், 40 வயதில் நான்கைந்து டயாப்டருக்கு இறங்கி, 60-ல் ஒன்று என்ற அளவுக்கு வந்துவிடும். 40 செ.மீ. தூரத்தில் புத்தகம் படிக்க 2.5 டயாப்டர் வேண்டும். அதனால்தான் மாத்திரை அட்டையைப் படிக்கக் கை நீள்கிறது. வெள்ளெழுத்து என்பது இவ்வளவுதான். இது மொபைல் பார்த்ததால் வந்ததில்லை, கேரட்டோ கண் பயிற்சியோ இறுகிய லென்ஸை இளக்கப்போவதும் இல்லை. கண்ணாடி போட்டால் பவர் கூடிவிடும் என்று தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. போட்டாலும் போடாவிட்டாலும் அது தன் வேகத்தில் கூடும், 60 வயதை ஒட்டி ஏறக்குறைய நின்றுவிடும்.

டாக்டர் சீட்டில் தூரப் பவருக்கு அடியிலோ பக்கத்திலோ ஏ-டி-டி என்று ஒரு எண் இருக்கும். கடையில் அடிஷன் என்பார்கள். தூரப் பவருக்கு மேல் படிப்பதற்காகக் கூட்ட வேண்டிய அளவு அது. 45 வயதை ஒட்டி +1.00 அல்லது +1.25, 50-ஐத் தாண்டும்போது +2.00 பக்கம், 60-ல் +2.50 என்பது பொதுவான போக்கு. உங்கள் வயதுக்கு இந்த எண் ரொம்ப விலகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். சில நேரம் நியாயமான காரணம் இருக்கும்.

பரிசோதனைக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. சர்க்கரை வியாதி இருந்து, அளவு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கண் பவரும் கூடவே மாறும். அந்த நேரத்தில் எடுத்த பவருக்குக் கண்ணாடி செய்தால், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் அது பொருந்தாது. மருந்து மாற்றியிருந்தால் சில வாரம் பொறுத்துப் போங்கள். கடையிலேயே இலவசமாகப் பவர் பார்த்துக் கொடுப்பது வசதிதான். ஆனால் 40-க்கு மேல் ஒருமுறையாவது கண் மருத்துவரிடம் கண் அழுத்தமும் விழித்திரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணழுத்த நோய் வலி இல்லாமலே பார்வையைத் தின்றுகொண்டிருக்கும், அதைப் பவர் எடுக்கும் மெஷின் காட்டாது.

லென்ஸுக்குள் என்ன இருக்கிறது

மேல் பாதி தூரத்துக்கு. கீழே, சற்றே மூக்குப் பக்கம் ஒதுங்கிய சிறு பகுதி படிப்பதற்கு. இரண்டையும் இணைக்கும் குறுகிய பாதையில் பவர் படிப்படியாக ஏறும். கணினித் திரை, அடுப்பு மேடை, கடைக் கல்லா எல்லாம் இந்தப் பாதைக்குள்தான் தெரியும். இரு ஓரங்களிலும், அதாவது கீழ் இடது, கீழ் வலது மூலைகளில், மங்கல். வயல் வரப்பு மாதிரிதான்: நடுவில் நடக்க இடம் உண்டு, இரண்டு பக்கமும் சேறு.

இந்த மங்கல் மலிவு லென்ஸின் குற்றம் இல்லை. கோடு தெரியாத இந்த லென்ஸை விற்பனையில் நிலைநிறுத்தியது பிரான்ஸில் பெர்னார் மேத்தனாஸ் உருவாக்கி 1959-ல் வெளிவந்த வேரிலக்ஸ். நான்கு வருடம் கழித்து மின்க்விட்ஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் ஒரு தேற்றத்தை நிறுவினார். நடுப்பாதையில் பவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர் பவர் (திசைக்குத் திசை மாறும் பவர், இதுதான் அந்த மங்கல்) கூடும் என்பது அதன் சாரம். எந்தக் கம்பெனியாலும் இதை ஒழிக்க முடியாது. மங்கலை ஓரத்துக்குத் தள்ளலாம், மென்மையாகப் பரப்பலாம், அவ்வளவுதான். விலை உயர்ந்த டிஜிட்டல் லென்ஸ்கள் இந்தப் பரப்புதலை உங்கள் பவருக்கும் ஃப்ரேமுக்கும் ஏற்பச் செய்கின்றன. "மங்கலே இருக்காது" என்று யாராவது விற்றால் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

அடிஷன் கூடினால் பாதை குறுகும். பாதையின் நீளம் குறைந்தாலும் குறுகும். ஆகவே +1.00-ல் தொடங்குகிறவருக்கு எளிதாகப் பழகும். 58 வயதில் +2.50-வுடன் முதல்முறை போடுகிறவருக்குக் கொஞ்சம் கடினம். எப்படியும் புரோகிரசிவ்தான் என்று முடிவெடுத்திருந்தால் தள்ளிப்போடுவதில் லாபம் இல்லை.

கடையில்

பேச்சு எப்போதும் லென்ஸ் விலையில் தொடங்கும். நீங்கள் ஃப்ரேமிலிருந்து தொடங்குங்கள். லென்ஸின் உயரம் 30 மி.மீ. பக்கம் இருக்கட்டும். கருவிழி நடுவிலிருந்து கீழ் விளிம்பு வரை 18 மி.மீ. கிடைத்தால் நிம்மதி. குட்டையான ஃப்ரேமுக்கென்று குட்டைப் பாதை லென்ஸ்கள் உண்டு, ஆனால் மேலே சொன்ன தேற்றம் அங்கே தன் வேலையைக் காட்டும். ஃப்ரேமின் காதுக்கம்பி உட்புறம் 52, 18, 140 என்பது போல் மூன்று எண்கள் இருக்கும். அவை லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கம்பி நீளம். உயரம் அதில் இருக்காது, ஸ்கேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும். வேர்த்து வழியும் ஊரில் இருக்கிறீர்கள் என்றால், மூக்கில் சரி செய்யக்கூடிய சிலிக்கான் பட்டைகள் உள்ள ஃப்ரேம் நல்லது. இரண்டு மில்லிமீட்டர் சறுக்கினாலே படிக்கும் பகுதி இறங்கிப்போய்விடும்.

அடுத்து, எல்லாவற்றையும் விட முக்கியமான பத்து நிமிடம். ஃப்ரேமை முதலில் உங்கள் முகத்துக்குப் பொருத்தி வளைத்துச் சரிசெய்ய வேண்டும், அதன் பிறகே அளவு. அளவெடுப்பவர் உங்கள் கண் மட்டத்துக்கு நேரே உட்கார வேண்டும். நின்றுகொண்டு குனிந்து பார்த்தால் உயரம் தவறும். ஃப்ரேமில் இருக்கும் மாதிரி லென்ஸின் மேல், ஒவ்வொரு கருவிழிக்கும் நேரே பேனாவால் புள்ளி வைப்பார். மூக்கின் நடுவிலிருந்து வலக்கண் எவ்வளவு, இடக்கண் எவ்வளவு என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். "மொத்தம் 64, பாதி 32" என்று எழுதினால் சம்மதிக்காதீர்கள், நம் முகங்கள் அவ்வளவு சமச்சீர் இல்லை. புள்ளி வைத்ததும் எழுந்து நின்று, வழக்கமாக நிற்பது போலவே நின்று ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். படம் எடுப்பது போல விறைத்து நிற்க வேண்டாம்.

வேலையைச் சொல்லுங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கும், நாள் முழுக்கத் தையல் மெஷின் முன் இருப்பவருக்கும், இரண்டு மானிட்டர் வைத்து வேலை செய்கிறவருக்கும் ஒரே வடிவமைப்பு எடுபடாது. பூச்சுகளில் எதிரொளி தடுக்கும் பூச்சு அவசியம், இரவில் எதிர் வண்டி விளக்கின் பிரதிபலிப்பைக் குறைக்கும். நீல ஒளி தடுப்புக்குத் தனிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கணினியால் வரும் கண் சோர்வை அது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 மறுஆய்வு சொல்லிவிட்டது. வெயிலில் கறுக்கும் லென்ஸ் காருக்குள் சரியாகக் கறுக்காது, முன் கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால். பவர் குறைவு என்றால் 1.67, 1.74 இண்டெக்ஸ் என்று விற்கும் மெல்லிய லென்ஸும் தேவையில்லை, சாதாரண லென்ஸே தெளிவு. மிச்சமாகும் பணத்தை வடிவமைப்பில் போடலாம்.

பணம் கட்டும் முன் கடைசிக் கேள்வி: பழகாவிட்டால் என்ன செய்வீர்கள்? மாற்றித் தரும் வசதி இருந்தால், எத்தனை நாளுக்குள், எதற்கு மாற்றித் தருவார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கண்ணாடி கைக்கு வரும் நாள்

புது லென்ஸில் மஞ்சளிலோ வெள்ளையிலோ அச்சடித்த குறிகள் இருக்கும். கடைக்காரர் துடைத்துத் தருவதுதான் வழக்கம், துடைக்கும் முன் போட்டுப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேராகப் பார்க்கும்போது சிறிய கூட்டல் குறி இரண்டு கருவிழிகளின் நடுவிலும் நிற்க வேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே, அல்லது இரண்டும் ஒரு பக்கம் தள்ளி இருந்தால் அங்கேயே கேளுங்கள். அச்சு அழிந்த பிறகும் அழியாத லேசர் பொறிப்பு உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு சின்னக் குறிகள் தெரியும். காதுப் பக்கக் குறிக்குக் கீழே அடிஷன் எண் இருக்கும், +2.00 என்றால் 20 அல்லது 200 என்பது போல. சீட்டோடு ஒப்பிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

காலையில் எழுந்ததும் போடுங்கள், இரவு கழற்றுங்கள். நடுவில் பழைய கண்ணாடிக்கு மாறாதீர்கள். மாறி மாறிப் போட்டால் மூளை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முடிந்தால் விடுமுறை நாளில் வீட்டிலேயே தொடங்குங்கள். கல்யாண வீட்டுக்குப் புறப்படும் காலையில் வேண்டாம்.

பார்க்க வேண்டிய பொருளை நோக்கி மூக்கைத் திருப்புங்கள். கண்ணை மட்டும் ஓரமாக ஓட்டினால் சேற்றில் விழும். படிக்கும்போது தலையை நேரே வைத்து, கண்ணை மட்டும் கீழே இறக்கி, புத்தகத்தையோ மொபைலையோ மார்பு மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நாளிதழை விரித்துப் படிக்கையில் பத்தி பத்தியாகத் தலை லேசாக நகரும். இரண்டாவது வாரத்தில் இது உங்களுக்கே தெரியாமல் நடக்க ஆரம்பிக்கும்.

படிக்கட்டில் நேர்மாறு. கண்ணை இறக்கினால் படி படிக்கும் பகுதி வழியாகத் தெரியும். அது 40 செ.மீ. தூரத்துக்கானது, படியோ ஒன்றரை மீட்டர் கீழே. தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, லென்ஸின் மேல் பகுதி வழியாகப் படியைப் பாருங்கள், கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரமான கோயில் படி, பஸ் படிக்கட்டு, நடைபாதை விளிம்பு எல்லாவற்றுக்கும் இதே பாடம். தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிடும்போதும் இலை மங்கலாகத் தெரிந்தால் காரணம் இதுதான், கொஞ்சம் குனிந்துகொண்டால் சரியாகும். வண்டி ஓட்டுவதை முதல் சில நாள் தள்ளிப்போடுங்கள். அப்புறம் தொடங்கும்போது பக்கக் கண்ணாடியைக் கண்ணால் எட்டிப் பார்க்காமல் தலையைத் திருப்பிப் பாருங்கள். ஹெல்மெட் போட்டதும் ஃப்ரேம் தள்ளுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

படுத்துக்கொண்டு டி.வி. பார்க்க இது உதவாது. தலையணையில் சாயும்போது பார்வை லென்ஸின் கீழ்ப் பகுதி வழியாகப் போகும். சீலிங் ஃபேன் மாட்டுகிறவர், மேல் அலமாரியில் பொருள் தேடும் கடைக்காரர், நூலகத்தில் வேலை பார்ப்பவர் போன்றோருக்கும் தலைக்கு மேல் கிட்டத்தில் பார்க்கும் வசதி இதில் கிடையாது. வேலையே அதுதான் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும், அதற்கென்று வேறு லென்ஸ் உண்டு.

தரை மிதப்பது, ஓரங்கள் அலையாடுவது, லேசான தலைவலி, தூரத்தைக் கணிக்கத் தடுமாறுவது எல்லாம் முதல் வாரத்தில் சகஜம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும், அதுதான் அடையாளம். குறையாமல் அப்படியே நின்றாலோ கூடினாலோ பொறுமை காட்ட வேண்டிய விஷயம் இல்லை.

பழகவில்லை என்றால் எங்கே கோளாறு

தூரத்துப் பெயர்ப்பலகை மங்கலாக இருந்து, தாடையை இறக்கினால் தெளிவாகிறதா? லென்ஸ் முகத்தில் உயரமாக உட்கார்ந்திருக்கிறது. தெளிவாகப் படிக்கத் தாடையை ரொம்பத் தூக்க வேண்டியிருக்கிறதா? இறங்கி உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம்: ஃப்ரேமை விரலால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கியும் இறக்கியும் பாருங்கள். பளிச்சென்று ஆனால் பவரில் தப்பில்லை. மூக்குப் பட்டைகளை விரித்தால் ஃப்ரேம் இறங்கும், நெருக்கினால் ஏறும். கடையில் ஐந்து நிமிட வேலை, ஆனால் நீங்களே வளைக்காதீர்கள். புது லென்ஸ் செய்யச் சொல்லும் முன் இதைத்தான் கேட்க வேண்டும்.

தலையை ஒரு பக்கம் திருப்பினால்தான் எழுத்து தெளிகிறது என்றால் கண் இடைவெளி அளவு தவறியிருக்கலாம். ஃப்ரேமை வளைத்துச் சரி செய்ய முடியாது, லென்ஸை மாற்ற வேண்டும். ஒரு கண்ணை மூடினால் மட்டும் தெளிவு என்றால் மூடிய கண்ணின் பவரையோ சிலிண்டர் கோணத்தையோ, லென்ஸ் பவரை அளக்கும் லென்சோமீட்டரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும். புத்தகத்தை முகத்துக்கு மிக அருகே கொண்டுவந்தால்தான் தெரிகிறது என்றால் அடிஷன் கூடுதல், தள்ளிப் பிடித்தால்தான் என்றால் குறைவு. தூரமும் படிப்பும் சரி, கணினி முன் மட்டும் தாடை மேலே போகிறது என்றால் கண்ணாடியை விட்டுவிட்டு மானிட்டரை இறக்குங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே இருக்கட்டும்.

திடீரென்று மின்னல் போலத் தெரிவது, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, புள்ளிகள் ஒரேயடியாகக் கூடுவது, இவற்றுக்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் இல்லை. அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு வழிகள்

புரோகிரசிவ் எல்லோருக்கும் வேண்டும் என்பதில்லை. தூரம் நன்றாகத் தெரிகிற, படிக்க மட்டும் சிரமப்படுகிற 45 வயதுக்காரருக்கு ஒரு ரீடிங் கிளாஸ் போதும். தயாராகத் தொங்கும் மலிவு ரீடிங் கிளாஸில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான், சிலிண்டர் இருக்காது. அவசரத்துக்கு நல்லது, மணிக்கணக்கில் படிக்க வேண்டாம். கிட்டப்பார்வை -2.50 அளவில் இருப்பவர் கண்ணாடியைக் கழற்றினாலே 40 செ.மீ.-ல் படிக்கலாம். இதைவிட மலிவான வழி கிடையாது.

தூரம், படிப்பு என்று இரண்டே பவர் உள்ள பைஃபோகலைப் பழைய ஃபேஷன் என்று ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. படிக்கும் பகுதி டி எழுத்து வடிவில் இருக்கும் டி-பைஃபோகலில் அந்தப் பகுதி அகலமானது, ஓர மங்கல் இல்லை, விலை குறைவு. தூரமும் படிப்பும்தான் முக்கியம், நடுத்தூரம் பெரிதில்லை என்பவருக்கு அது நிம்மதி. கோடு தெரியும், அந்தக் கோட்டைத் தாண்டும்போது காட்சி துள்ளும், கணினித் தூரம் கிடைக்காது. நாள் முழுக்கத் திரை முன் இருப்பவருக்கு ஆபீஸ் லென்ஸ் என்று தனியாக உண்டு. மேசையும் திரையும் அகலமாகத் தெரியும், அதைப் போட்டுக்கொண்டு வண்டி மட்டும் ஓட்டக்கூடாது.

வெளியே நிறைய நடமாடும் முதியவர்களுக்கு, நடக்கத் தனியாக ஒரு தூரக் கண்ணாடி வைத்துக்கொள்வது நல்லது. 2010-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், அடிக்கடி வெளியே போகும் முதியவர்கள் நடக்கும்போது ஒற்றைப் பவர் தூரக் கண்ணாடிக்கு மாறியதும் விழுவது குறைந்தது. வீட்டிலேயே இருப்பவர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை, வெளியே விழுவது கூடவும் செய்தது. ஆகவே அப்பாவின் கண்ணாடியை மாற்றும் முன் அவர் எவ்வளவு நடக்கிறார் என்று பாருங்கள்.

கான்டாக்ட் லென்ஸிலும் பல பவர் வகை உண்டு. ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைப் படிப்புக்கும் வைக்கும் மோனோவிஷனும் உண்டு. சிலருக்கு ஒத்துவரும், சிலருக்குத் தூரத்தைக் கணிப்பது தடுமாறும். கண் வறட்சி உள்ளவருக்கும் நாள் முழுக்கத் தூசியில் வேலை செய்பவருக்கும் சிரமம். லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவவே கூடாது. லேசிக் என்னும் லேசர் அறுவை செய்துகொண்டாலும் வெள்ளெழுத்து வராமல் இருக்காது, இறுகுவது உள் லென்ஸ், லேசிக் தொடுவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தை (கார்னியா). பைலோகார்ப்பின் சொட்டு மருந்து கண்மணியைச் சுருக்கிச் சில மணி நேரம் கிட்டத்தைத் தெளிவாக்கும். அமெரிக்காவில் 2021-ல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2024-ல் அனுமதி பெற்ற ஒரு சொட்டு மருந்தின் அனுமதி, அதை விளம்பரப்படுத்திய விதத்தால் சில வாரத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. தலைவலியும் இரவில் மங்கலும் வரலாம், விழித்திரை பலவீனமானவர்களுக்கு ஆபத்து. மருத்துவர் பார்க்காமல் வாங்கக் கூடாத மருந்து.

கண்புரை தொடங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், விலை உயர்ந்த புரோகிரசிவ் வாங்கும் முன் அறுவை எப்போது என்று கேளுங்கள். அறுவையில் வைக்கும் செயற்கை லென்ஸுக்குப் பிறகு பவர் முழுவதும் மாறிவிடும். ஒரே தூரத்துக்கான சாதாரண மோனோஃபோகல் வைத்தால் பெரும்பாலும் படிக்க மட்டும் கண்ணாடி போதும். பல தூரத்துக்கான மல்டிஃபோகல் வைத்தால் அதுவும் அதிகம் தேவைப்படாது, ஆனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். இரவில் வண்டி ஓட்டுகிறவர் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். அறுவை முடிந்து பவர் நிலைக்கச் சில வாரம் ஆகும். அதுவரை பழைய ஃப்ரேமில் மலிவான லென்ஸ் போட்டு ஓட்டலாம்.